காலுறையில் மஞ்சள்

துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போன செண்பகவல்லி விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. விமானத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுத்த, காலுறையும் பிரஷும் வைத்த சின்னப் பையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து சீட்டுக் கோட்டுக்காரர் தன் பையைப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, இன்னொன்றுக்கு ஆசைப்பட்டார்.

"இவ என் பையைத் திருடிட்டா. இறங்கினதும் போலீஸ்ல கொடுங்க," என்றார் பணிப்பெண்ணிடம்.

பணிப்பெண் பையை வாங்கிக்கொண்டாள். வேலை போய்விடுமே என்று செண்பகவல்லி பயந்தாள். ஊர்க்கோயில் ஆத்தாளை நினைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. காலுறை, பிரஷ், எல்லாம் புத்தம் புதுசு. ஒரு கறை கிடையாது."

"மேடம், அந்தக் காலுறையை எடுங்க."

எடுத்தால், இரண்டின் ஓரத்திலும் மஞ்சள்.

"புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காம நாங்க போடமாட்டோம். கோயில் மஞ்சள் முந்தானையில முடிஞ்சிருக்கேன், பை கொடுத்ததுமே எடுத்து வச்சேன். ஐயாவுக்கு யாரு வச்சுவிட்டாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பை திரும்பி வந்தது. பாவம், விமானம் தரை இறங்கும்வரை அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தாள்.