அலுவலகத்தில் ஒரு சிரிப்பு

ஜெர்மனியில் ஒரு பழைய நிலக்கரி நகரம். பகலில் கிட்டங்கியில் பெட்டி தூக்கும் நேசராசா, நாற்பது வயதில் மாலைப் பள்ளியின் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஜெர்மன் மரபுத்தொடர்களை வெறிபிடித்தவன் போல மனப்பாடம் செய்தான். அவற்றைச் சரளமாகப் பேசுகிறவனை எந்த முதலாளியும் ‘ஏய்’ என்று கூப்பிட மாட்டான் என்பது அவன் கணக்கு.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் தயாளினி. அவனைவிட இளையவள், அங்கேயே பிறந்தவள்.

“ரீச்சர், இன்னும் எவ்வளவு படிச்சால் இந்த மொழி எனக்கு வசப்படும்?”

“நாளைக்கு லீவு எடுத்திட்டு என்னோட வாங்கோ அண்ணை. சிவபாதம் ஐயாவுக்கு நீங்கள்தான் மொழிபெயர்க்கிறது.”

“பரீட்சை நேரத்திலயோ?”

“ஏன், பயமோ?”

“ஆருக்கு, எனக்கோ!”

சிவபாதம் ஆண்டுக்கணக்காக அகதி மனுவோடு அலைகிறவர். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் அவரை வரவேற்க அங்கே காவல் நிலையம் மட்டுமே இருந்தது.

மறுநாள் வெளிநாட்டவர் அலுவலகம். ஐயா இன்னொருமுறை மனுப்போடலாமா என்று நேசராசா கேட்டான். அதிகாரி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த ரயில் புறப்பட்டுப் போய்விட்டது என்றார். காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள். அந்த நாட்டில் கதவை அறைந்து சாத்துவதில்லை. நயமாகச் சொல்லித்தான் சாத்துவார்கள்.

நேசராசாவின் முகம் மலர்ந்தது. முதல்நாள் படித்த தொடர்! புத்தகத்துக்கு வெளியே, ஒரு ஜெர்மன்காரரின் வாயால், இப்போதுதான் கேட்கிறான். வாய்விட்டுச் சிரித்தே விட்டான்.

சிவபாதம் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு மொழி ஏது? எட்டி அவன் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“தந்திட்டாங்களோ தம்பி? உன்ர வாய்க்குச் சீனி போடவேணும்!”

நேசராசா தயாளினியைப் பார்த்தான். அவள் கண்ணால் கிழவரைக் காட்டினாள்.

அவனே சொன்னான். கிழவர் கேட்டுக்கொண்டார். பிடித்த கையை விடத்தான் அவருக்கு வெகுநேரம் ஆனது.

வெளியே தூறல். சிவபாதம் குடையை விரிக்காமலே முன்னால் தனியே நடந்தார்.

“ரீச்சர்…” நேசராசா கிழவரின் முதுகையே பார்த்துக்கொண்டு கேட்டான். “நான் சரியாத்தானே மொழிபெயர்த்தனான்?”

“சரி அண்ணை. பரீட்சையெண்டால் முழுப் புள்ளி.”