கிழிந்த அப்பளம்

மதுரையில எங்க அப்பளக் கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன், ஒரே வருஷத்துல நாலு வெளிநாட்டுல கிளை திறந்தார். கைதேர்ந்த ஆளுகளையெல்லாம் அங்க பிரிச்சு அனுப்பிட்டார். அப்புறம் எந்த ஊர்லயும் அப்பளம் ஒழுங்காப் பொரியலை.

“சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா கம்பெனியை மூடிருவேன்!” ன்னு, இங்க மிச்சமிருந்த மூத்த வேலைக்காரி பேச்சியம்மாகிட்ட பாய்ஞ்சார்.

அவ ஒரு அப்பளத்துக்கான மாவு உருண்டையை நீட்டினா. “இதை அஞ்சு அப்பளம் அகலத்துக்குத் தேய்ங்க மொதலாளி.”

தேய்ச்சார். நடுவுல கிழிஞ்சது.

“மாவு கூடாம அகலம் மட்டும் கூடுனா எப்பிடிங்க?”

முதலாளி கிழிஞ்சதைப் பத்திரமா எடுத்து வச்சார். மறுமாசமே மூணு கிளையை மூடி, ஆளுகளைத் திரும்ப வரவழைச்சார். அப்பளம் பழையபடி பொரிஞ்சது. எங்க முப்பது பேர் வேலையும் தப்பிச்சது.

இப்ப அந்தக் கிழிஞ்ச அப்பளத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முதலாளி தினமும் பூ வைக்கிறார். நாங்க பேச்சியம்மா கொண்டையில வைக்கிறோம்.