வாலில் முடிச்சுப் போட்ட மிளகன்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டிலேயே உயரமான மருத மரத்தின் மேல் ஒரு குரங்கு காவலுக்கு உட்காரும். மற்றவை கீழே நிம்மதியாக அத்திப்பழம் தின்னும், பேன் பார்க்கும், ஒன்றின் வாலை ஒன்று இழுத்துச் சண்டை போடும்.

காவலுக்கு இருக்கும் குரங்குக்கு இரண்டே இரண்டு குரல் தெரிந்தால் போதும். சிறுத்தை வந்தால் "கூப்! கூப்!" உடனே எல்லாரும் மர உச்சிக்கு ஏறிவிட வேண்டும். கழுகு வந்தால் "கர்ர்ர்!" உடனே எல்லாரும் இறங்கிப் புதருக்குள் ஒளிய வேண்டும். மாற்றிக் கத்தினால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. இருப்பதே இரண்டு குரல். அதைப் போய் யாராவது மாற்றிக் கத்துவார்களா?

மிளகன் கத்தினான்.

மிளகன் அப்போதுதான் வளர்ந்த இளவட்டக் குரங்கு. காவல் வேலை கிடைத்த புதிதில் அவனைப் பிடிக்க முடியவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். எதிரே வந்த எறும்பைக்கூட, "நில்! யார் நீ?" என்று அதட்டினான். வேலையையும் ஒழுங்காகத்தான் பார்த்தான்.

பிறகு கோடை மழை பெய்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேங்கை மரத்தில் மின்மினிகள் வந்து அடைந்தன. ஒரு மரம் முழுக்க மின்மினி! எல்லாம் ஒன்றாக மின்னும், ஒன்றாக அணையும். இருட்டியதும் மிளகன் அங்கே போய் ஒரு கிளையில் உட்கார்ந்துவிடுவான். "இன்னும் ஒரே ஒரு மின்னல். அதைப் பாத்துட்டுத் தூங்கப் போயிடணும்" என்று சொல்லிக்கொள்வான். அந்த ஒரே ஒரு மின்னல் விடிய விடிய வந்துகொண்டே இருக்கும். விடிந்ததும் விழுந்தடித்துக் காவலுக்கு ஓடுவான். காலைச் சாப்பாடு கிடையாது. ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது.

கொஞ்ச நாளில் அவனுக்கு மறதி வந்துவிட்டது.

ஒருநாள், "என் அத்திப்பழத்தைக் காணோம்! யாரோ திருடிட்டாங்க!" என்று மரம் மரமாகத் தேடினான்.

அவன் தங்கை பூஞ்சி அவனை உற்றுப் பார்த்தாள். "அண்ணா, உன் கன்னத்துல என்ன வீக்கம்?"

"வீக்கமா? எங்கே?"

பூஞ்சி கன்னத்தை விரலால் அழுத்தினாள். பழம் பொளக்கென்று வாயிலிருந்து வந்து விழுந்தது.

இன்னொரு நாள் கூட்டத்தின் தலைவர் கொண்டையனையே பார்த்து, "என்ன அத்தை, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டான். கொண்டையன் பெரிய மீசைக்காரர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் ஒருநாள் வானத்தில் கழுகு வட்டமிட்டது. மிளகன் கழுகைப் பார்த்தான். வாயைத் திறந்தான். என்ன கத்த வேண்டும்? மண்டைக்குள் ஒன்றுமே இல்லை.

"கூப்! கூப்!" என்று கத்தினான்.

கூட்டம் மொத்தமும் மடமடவென்று உச்சிக்கு ஏறியது. மொட்டைக் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்தது. சிறுத்தை எங்கே என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது.

கழுகு தன் கண்ணையே நம்பவில்லை. "என்ன அதிசயம்! பந்தியில பதார்த்தமே வரிசையா வந்து உட்கார்ந்திருக்கே!"

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் அது திணறியது. கடைசியில் பூஞ்சியைக் குறிவைத்துப் பாய்ந்தது. பூஞ்சி குனிந்துகொண்டாள். நகம் அவள் முதுகை உரசிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த கொண்டையனின் உச்சி மயிரைப் பிடித்தது. ஒரு கொத்து மயிரோடு கழுகு பறந்துபோயிற்று.

தலைவர் மண்டையைத் தடவிக்கொண்டே வந்தார். "டேய் மிளகா! இன்னொரு தடவை மாத்திக் கத்தினே, உன் காவல் வேலை போச்சு! குட்டிங்களுக்குப் பேன் பாக்க அனுப்பிடுவேன்!"

மிளகனுக்கு அது காதில் விழவில்லை. அவன் பூஞ்சியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நகக்கோடு சிவப்பாகத் தெரிந்தது. தன் தங்கையைத் தானே கழுகுக்குக் கொடுக்கப் பார்த்தோமே என்று நினைத்தான். அழுகையே வந்துவிட்டது.

உடனே வைத்தியரைத் தேடி ஓடினான்.

அந்தக் காட்டு வைத்தியர் ஒரு நரி. வைத்திய சிகாமணி என்று அவரே தனக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாறைக்குக் கீழே ஒரு குகையில் இருந்தார்.

"என்ன உடம்புக்கு?"

"மறந்து மறந்து போகுதுங்க, வைத்தியரே."

"எதெல்லாம் மறந்து போகுது?"

மிளகன் தலையைச் சொறிந்தான். "அதுவும் மறந்துபோச்சுங்க."

"அடடா! முத்திப்போன கேஸ்!" நரி அவன் வாலைப் பிடித்து நாடி பார்த்தது. "காலையில என்ன சாப்பிடறே?"

"ஒண்ணும் இல்லைங்க. காவலுக்கு ஓடற அவசரம். தங்கச்சி எடுத்து வைக்கிற அத்திப்பழம் அப்படியே கிடக்கும்."

"அப்படியே கிடக்குதா?" நரி நிமிர்ந்து உட்கார்ந்தது. "பத்தியமே அதுதாண்டா! அதைத் தொடவே தொடாதே! பத்திரமா எடுத்து இங்கே கொண்டுவந்து வெச்சிடு!"

நரி அத்திப்பழம் தின்னுமா என்று கேட்காதீர்கள். ஓசியில் வந்தால் நரி எதையும் தின்னும்.

"அப்புறம் வைத்தியத்தைக் கேட்டுக்கோ. உன் ஞாபகமெல்லாம் தலையிலேர்ந்து முதுகு வழியா இறங்கி, வால் நுனியில ஒழுகிப் போகுது. வாலை முடிச்சுப் போட்டு அடைக்கணும்! அடியில ஒரு முடிச்சு, அது சிறுத்தைக்கு. நுனியில ஒரு முடிச்சு, அது கழுகுக்கு. சந்தேகம் வந்தா தடவிப் பாரு!"

மிளகன் பயபக்தியோடு இரண்டு முடிச்சுகளுடன் திரும்பினான். மறுநாள் காலையில் பழத்தோடு வந்து நின்றான்.

"வைத்தியரே, எந்த முடிச்சு எதுக்குன்னு மறந்துபோச்சுங்க."

"அதுக்கென்ன! அதை ஞாபகம் வெச்சுக்க மூணாவது முடிச்சு போட்டுடலாம்!"

அதற்கு அடுத்த நாள் மூன்றாவது முடிச்சு எதற்கு என்று மறந்துபோயிற்று. நான்காவது விழுந்தது. மிளகனின் வால் பாகற்காய் மாதிரி ஆகிவிட்டது. நடந்தால் டொக் டொக்கென்று கிளையில் இடித்தது. நரியார் நாளுக்கு நாள் பளபளவென்று ஆனார். மிளகனுக்கோ கண் குழி விழுந்தது. இருட்டினால் வேங்கை மரம், விடிந்தால் பட்டினி. இரண்டும் அப்படியேதான் இருந்தன.

"சாப்பிடு அண்ணா!" என்று பூஞ்சி கெஞ்சினாள்.

"பத்தியம் கெட்டுடும், போ!" என்று மிளகன் விரட்டினான்.

ஒருநாள் சாயங்காலம் காவல் முடிந்து மருத மரத்திலிருந்து இறங்கப் போனான். முடியவில்லை. வால் முடிச்சு ஒரு கிளை இடுக்கில் வசமாக மாட்டிக்கொண்டது. இழுத்தான். பூஞ்சியைக் கூப்பிட்டான். அவளும் வந்து இழுத்தாள்.

"ஐயோ விடு, விடு! வாலே பிஞ்சு வந்துடும்!"

"அப்போ இங்கேயே இரு. காலையில பாக்கலாம்" என்று பூஞ்சி போய்விட்டாள்.

"என் மின்மினி!" என்று மிளகன் புலம்பினான். நடுவில் மலை மறைத்தது. ஒரு மின்னல்கூடத் தெரியவில்லை. பார்க்க ஒன்றுமே இல்லாததால் ஒரு கொட்டாவி வந்தது. அடுத்த கொட்டாவிக்கு அவன் விழித்திருக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பூஞ்சி ஒரு கையில் அத்திப்பழங்களும் மறு கையில் தேக்கிலையில் தண்ணீருமாக நின்றாள்.

"அதை வைத்தியர்கிட்ட கொடுக்கணும்!"

"போய்க் கொடேன், பாக்கலாம்!"

மிளகன் வாலை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பழமோ மூக்குக்கு நேரே மணத்தது. எத்தனை நேரம்தான் ஒரு குரங்கு பொறுக்கும்? ஒன்று விடாமல் தின்றான். தண்ணீரையும் குடித்தான். "இன்னும் தண்ணி வேணும்" என்றான். பூஞ்சி இலையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மிளகனின் தலைக்குள் யாரோ கூட்டிப் பெருக்கியது போல இருந்தது. போன வாரம் ஒளித்து வைத்த பலாக்கொட்டை எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. பக்கத்துக் கிளைக் குரங்கின் பெயர் ஞாபகம் வந்தது. தலைவரை அத்தை என்று கூப்பிட்டதும் ஞாபகம் வந்தது. "ஐயையோ!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான்.

விரலிடுக்கு வழியே கீழே பார்த்தான். ஆற்றோர நாணலில் ஏதோ அசைந்தது. மஞ்சள் தோல். கருப்புப் புள்ளி. அதற்கு எதிரே பூஞ்சி குனிந்து தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அவனால் இறங்கி ஓட முடியாது. குரல் ஒன்றுதான் இருந்தது. பழக்கத்தில் கை வாலைத் தேடிப் போயிற்று. போய்ச் சேர்வதற்குள் குரல் வந்துவிட்டது.

"கூப்! கூப்! கூப்!"

பூஞ்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலையைப் போட்டுவிட்டுப் பக்கத்து மரத்தில் தாவி ஏறினாள். சிறுத்தை பாய்ந்தது. அதன் வாயில் தேக்கிலைதான் கிடைத்தது.

"சே! மாத்திக் கத்தற பயல்னு கேள்விப்பட்டுத்தானே இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்!" என்று இலையைத் துப்பிவிட்டுச் சிறுத்தை போயிற்று.

கூட்டம் மருத மரத்தடிக்கு ஓடிவந்தது. தலைவரே ஏறி வாலை விடுவித்து மிளகனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். பூஞ்சி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து நரியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காலைப் பழம் வரவில்லையே என்று விசாரிக்கத்தான் வந்தார். நடந்ததைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்.

"பாத்தீங்களா என் முடிச்சு வைத்தியத்தை!"

அவ்வளவுதான். "எனக்கொரு முடிச்சு!" "என் பையனுக்கு ரெண்டு போடுங்க, சொன்னது எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது!" என்று எல்லாரும் வாலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பூஞ்சியையும் யாரோ இழுத்து நிறுத்தினார்கள்.

"தாராளமா! ஆனா பத்தியம் முக்கியம். நாளையிலேர்ந்து எல்லாரோட காலைச் சாப்பாடும் என் குகைக்கு வந்துடணும்!" என்றது நரி, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு.

மிளகனுக்குப் பகீரென்றது. மொத்தக் கூட்டமும் பட்டினியோடு, வால் மாட்டிக்கொண்டு கிளை கிளையாகத் தொங்குவது அவன் கண்ணில் தெரிந்தது. பேசாமல் இருந்தால் அவன்தான் வீரன். உண்மையைச் சொன்னால் மின்மினி விஷயம் வெளியே வந்துவிடும், காவல் வேலை போய்விடும். பூஞ்சி கலங்கிய கண்ணோடு தன் சின்ன வாலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நரி அதை எட்டிப் பிடித்தது.

"நிறுத்துங்க!" என்று மிளகன் கத்தினான். "முடிச்சாலே ஒண்ணும் ஆகல! நான் தினமும் விடிய விடிய வேங்கை மரத்துல மின்மினி பாத்துக்கிட்டு இருந்தேன். காலையில சாப்பிடாம ஓடினேன். அதான் மண்டை மக்கர் பண்ணிச்சு. நேத்து வால் மாட்டிக்கிட்டதால போக முடியல. தூங்கினேன், எழுந்து சாப்பிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை, என் தங்கச்சி வாலை விடுங்க!"

தலைவர் கொண்டையன் தொடையில் தட்டினார்.

"அதானே பாத்தேன்! நேத்து அங்கே உன் கிளை காலியா இருந்துச்சே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அது வந்து... அந்தப் பக்கமா ஒரு சின்ன வேலையா..." என்று இழுத்தார்.

"சும்மா இருங்க தலைவரே! முதல் வரிசையில உட்கார்ந்து விடிய விடிய வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தீங்களே!" என்றது ஒரு கிழட்டுக் குரங்கு.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"நான் பின் வரிசை."

சிரிப்பு கிளம்பியது. ஒவ்வொன்றாக எல்லாக் குரங்கும் தலையைச் சொறிந்தது. ஒருவர் பாக்கியில்லை! தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காவல் வேலை உனக்கேதான்டா. இனிமே இருட்டினா எல்லாரும் படுக்கணும். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

நரியார் சத்தம் போடாமல் நழுவப் பார்த்தார். ஊரார் வீட்டு அத்திப்பழத்தில் வளர்ந்த தொப்பை புதரில் இடித்தது. குட்டிக் குரங்குகள், "வைத்தியரே, பத்தியம் இருங்க!" என்று கத்திக்கொண்டே அவரைக் குகைவரை துரத்தின.

அன்று வேங்கை மரத்து மின்மினிகள் பார்க்க ஆளில்லாமல் தம்பாட்டுக்கு மின்னின. மறுநாள் காலையில் அத்திமரத்தில் ஒரு பழம் மிச்சமில்லை.

தூக்கத்தையும் காலைச் சாப்பாட்டையும் தொலைத்துவிட்டு ஞாபக சக்திக்கு மருந்து தேடி அலைந்தால், தேறுவது மருந்து கொடுப்பவரின் உடம்புதான்.