ஊக்குப் போட்ட செருப்பு

ஆற்றோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஹேமலதா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு செருப்புகள் இருந்தன. எல்லாருக்கும் இரண்டுதானே என்று கேட்காதீர்கள். இவை பேசும்.

அந்த ஊரில் வாய்க்கால் கரையை ஒட்டி நடைபாதை போட்டிருந்தார்கள். மேடு இல்லை, பள்ளம் இல்லை, சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்த பாதை. வாய்க்காலோடு கூடவே போய், அது ஆற்றில் விழுகிற இடத்தில் முடியும். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஹேமலதா காலையில் அங்கே நடந்தாள். சிமெண்ட் பெஞ்சு கிடக்கிற வளைவு வரைக்கும்தான். அங்கே வரும்போது இடுப்பில் செருகியிருக்கும் போன் அடிக்கும். அவள் திரும்பிவிடுவாள்.

"எனக்குப் புரியவே இல்லை" என்று ஒருநாள் பாதை செருப்புகளிடம் குறைபட்டுக்கொண்டது. "என்னைப் போல சுலபமான பாதை எந்த ஊரில் இருக்கு? கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். உங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வருவதற்கு என்ன கேடு?"

"நீ சுலபம்தான்" என்றது இடது செருப்பு. "வீட்டை விட்டு வர்ற வழிதான் கரடுமுரடு."

இடது செருப்புக்கு எப்போதுமே வாய் நீளம். அதற்குக் காரணமும் இருந்தது. ஹேமலதாவுக்கு வலது முட்டியில் வலி. அதனால் உடம்பை இடது பக்கமே சாய்த்து நடப்பாள். வலது செருப்பு இன்னும் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. இடதின் குதிகால் தேய்ந்து காகிதமாகிவிட்டது. விரலிடுக்கு வார் நூலில் தொங்கியது.

"வலி உன் பக்கம், பாரம் என் பக்கம். நல்ல நியாயம்டி" என்று அது அடிக்கடி சொல்லும்.

"சும்மா புலம்பாதே அக்கா. எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று வலது சொல்லும். ஒத்துப்போகிற குணம் அதற்கு. பாரம் இல்லாதவர்களுக்கு அது சுலபமாக வரும்.

இதற்கிடையில், புனேயில் இருக்கும் மகள் அம்மாவுக்கு ஷூ ஆர்டர் போட்டுவிட்டாள் என்று செய்தி வந்தது. நாளைக்கு வந்துவிடுமாம்.

"அப்புறம் நம்மைக் குளியலறைக்குத் தள்ளிவிடுவார்கள்" என்றது இடது. "எனக்கு ஒரே ஒரு ஆசை. இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தடவை பார்க்கணும். இன்றைக்கு விட்டால் இல்லை."

"போன் அடிச்சா அவங்க திரும்பிடுவாங்களே. நீ என்ன பண்ண முடியும்?"

"அறுந்துவிடுவேன்."

வலது அலறியது. "பைத்தியமா உனக்கு? அங்கே பார்!"

வாய்க்காலில் ஆகாயத் தாமரைக்கு நடுவே ஒற்றை ரப்பர் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. அறுந்ததை எல்லாரும் அங்கேதான் வீசுவார்கள். இடதும் பார்த்தது. ஆனாலும் வாரைத் தளர்த்திக்கொண்டே நடந்தது.

வளைவு வந்தது. போன் அடித்தது.

"ஹேமா, இட்லித் தட்டு எங்கே?" என்றார் கணவர் குருநாதன்.

"எங்கே இருக்கும்? இட்லிப் பானைக்குள்ளே இருக்கும்."

"இட்லிப் பானை எங்கே?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "விடுங்க, வர்றேன்" என்று திரும்பினாள்.

இடது செருப்பு மூச்சை இழுத்துப் பிடித்து, தன்னிடமிருந்த கடைசி நூலையும் விட்டது.

ஹேமலதா தடுமாறி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "சனியனே, உனக்கும் இன்றைக்குத்தானா?" என்று அதைக் கழற்றித் தூக்கினாள். கை வாய்க்கால் பக்கம் ஓங்கியது. வலது செருப்பு கண்ணை மூடிக்கொண்டது.

போன் மறுபடி அடித்தது. "கிளம்பிட்டியா இல்லையா?"

"செருப்பு அறுந்துபோச்சுங்க."

"ஐயையோ! அடி கிடி பட்டுதா? அவசரப்படாதே. உட்கார்ந்து மெதுவா வா. நான் வெளியே டிபன் பாத்துக்கறேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

முட்டி வலிக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். களைப்பாக இருக்கிறது, முடியவில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். 'மாத்திரை போட்டியா?' என்பார். அடுத்த கேள்வி, 'சட்னி என்ன?' மெதுவாக வா என்று ஒருநாளும் வந்ததில்லை.

அவள் செருப்பை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "உனக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை பாரேன்" என்றாள்.

பிறகு வலதையும் கழற்றினாள். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தாள்.

"வர்றாங்க! வர்றாங்க!" என்று பாதை கல்லுக்குக் கல் சொல்லி அனுப்பியது.

கடைசியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு படி. வாய்க்கால் சத்தமில்லாமல் ஆற்றில் கலந்தது. ஒரு கொக்கு. அவ்வளவுதான். ஹேமலதா படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள்.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றது வலது.

"இதுக்குத்தான்" என்றது இடது. "இங்கே எது எங்கே இருக்குன்னு யாரும் கேட்கலை பார்."

வெயில் ஏறியதும் அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அறுந்த வாரில் குத்தி, வீட்டுக்கு நடந்தாள்.

"தைக்கக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார் குருநாதன்.

"வேண்டாம்."

ஷூ வந்தது. மெத்து மெத்தென்று, வெள்ளை வெளேரென்று. மறுநாள் காலை ஹேமலதா அதைப் பார்த்தாள், தடவினாள், பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஊக்குப் போட்ட செருப்பில் காலை நுழைத்தாள்.

"எனக்கு என்ன குறைச்சல்?" என்று ஷூ பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

"ஒரு குறையும் இல்லை" என்றது இடது. "உனக்கு அறுந்துபோகத் தெரியாது. அதுதான்."

வளைவு வந்தது. போன் அடித்தது.

ஹேமலதா பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்தாள். ஊக்கைத் தானே கழற்றி வளையலில் மாட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் போனை எடுத்தாள்.

"ஆமாங்க. இன்றைக்கும்."