அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டையும் ஒரு ஆபீசரும்

புத்திசாலிகளை வேலைக்கு வைத்தால் சம்பளம் கூடக் கேட்பார்கள். முட்டாள்களை வைத்தால் விளக்கம் கேட்பார்கள். விருதுநகரில் என் பருப்புக் கிட்டங்கியில், அதாவது குடோனில், மூன்று பேர் இருந்தார்கள். பதினொரு வருஷத்தில் அவர்கள் ஒரு விளக்கமும் கேட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். வினை அங்கேதான் வந்தது.

மூத்தவர் குருவையா மேஸ்திரி. முகத்தைப் பார்த்தால் ஹைகோர்ட் ஜட்ஜ் என்று நினைப்பீர்கள். வாயைத் திறக்கும்வரை அப்படியே நினைக்கலாம். அடுத்தவன் சோணைமுத்து, மூட்டை தூக்குகிறவன். மூட்டையை இறக்கி வைக்கச் சொல்ல மறந்தால் தூக்கியபடியே நிற்பான். மூன்றாவது சீனியம்மா, சிந்தின பருப்பைப் புடைத்து எடுக்கிறவள்.

அந்த வருஷம் கிட்டங்கியில் அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டை கிடந்தது. பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய் வற்றல். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் விற்கவில்லை என்றால் வண்டு வைத்துவிடும். அப்புறம் கிட்டங்கிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நானும் எங்காவது மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அங்கிருந்து வந்தவன்தான் நான். திரும்பிப் போக ஆசையில்லை.

சென்னையில் நாற்பது கடை வைத்திருந்த ஒரு கம்பெனி வாங்குவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை: எல்லாச் சரக்கும் மெஷினில் இருக்க வேண்டும். எந்த மூட்டை எந்த அட்டியில், எந்த அடுக்கில் கிடக்கிறது என்று கேட்டால் மெஷின் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து பார்ப்பார்.

மெஷின் என்றால் செல்போன் மாதிரி ஒன்று, கையில் பிடிக்கிறது. மூட்டையில் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேல் மெஷினைக் காட்டினால் 'பீப்' என்று கத்தும். கத்தியதும் கணக்கில் ஏறிவிடும். அதை விற்ற மதுரை ஆளிடம் காலையில் ஆரம்பித்து மத்தியானம்வரை பேரம் பேசினேன். கடைசியில் அவன் அழுகிற நிலைக்கு வந்து, "சரிங்க, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்கிற சார்ஜையாவது விட்டுவைங்க" என்றான்.

"பழக்கவே வேண்டாம்யா. அதையும் கழி. நானே சொல்லிக்குடுத்துக்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை மூவரையும் நிறுத்தி மூன்றே வரியில் பழக்கிக் கொடுத்தேன். "உள்ளே வர்ற எதையும் ஸ்டிக்கர் ஒட்டி பீப் அடிக்காம விடக் கூடாது. பில் இல்லாம எதுவும் வெளியே போகக் கூடாது. இனிமே மெஷின் சொல்றதுதான் கணக்கு, உங்க கண்ணு சொல்றது கணக்கில்ல. புரிஞ்சுதா?"

மூன்று தலையும் ஆடின. நான் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தால், மூவரும் சீனியம்மாவின் தூக்குவாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாளியில் ஸ்டிக்கர். யாரும் சாப்பிடவில்லை.

"உள்ள வந்த சரக்கு" என்றார் குருவையா, தலையைச் சொறிந்துகொண்டே. "பில் இல்லாம வெளிய போகக் கூடாது. இவ சாப்பிடலாமா கூடாதான்னு யோசனை பண்ணிட்டிருக்கோம் அண்ணாச்சி."

"சோறு எங்கண்ணே வெளிய போகுது? என் வயித்துக்குள்ளதான போகுது?" என்றாள் சீனியம்மா.

"வயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போகுமே தாயி."

"அப்ப வயித்த இங்க வச்சிட்டா போக முடியும்?"

"அதத்தான் யோசிக்கிறோம்" என்றான் சோணைமுத்து. அவன் முகத்தில் உண்மையான கவலை.

கடைசியில் குருவையாவே வழி கண்டுபிடித்தார். புளிக்குழம்புச் சோறு ஒன்று, வாங்குபவர் சீனியம்மா என்று ஒரு பில் போட்டார். பீப் அடித்தார். சோறு ஆறிப்போயிருந்தது. நான் கத்தின கத்தலில் பக்கத்துக் கிட்டங்கிப் பூனை இடம் மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேறு கதை. அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டையிலும் ஒழுங்காக ஸ்டிக்கர் ஒட்டி முடித்திருந்தார்கள். எனக்கே ஆச்சரியம். "தினமும் காலையில எல்லா மூட்டையையும் ஒருதரம் பீப் அடிச்சுச் சரிபாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

புதன்கிழமை காலையில் வந்தால், பத்தே நிமிஷத்தில் சரிபார்த்து முடித்துவிட்டுக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மெஷினைப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. சந்தோஷத்தில் ஆளுக்கு இரண்டு போண்டா வாங்கிக் கொடுத்தேன். ஜென்மத்தில் நான் போண்டா வாங்கிக் கொடுத்து ஏமாந்தது அந்த ஒருதரம்தான்.

போண்டாவைக் கடித்துக்கொண்டே திரும்பினேன். எதிர்ச் சுவர் முழுக்க ஸ்டிக்கர். வரிசை வரிசையாக, கல்யாண மண்டபத்தில் காகிதப் பூ ஒட்டின மாதிரி.

"அது என்னதுய்யா?"

"சரக்கு அண்ணாச்சி" என்றார் குருவையா பெருமையாக. "அட்டிமேல ஏறி இறங்கி ஒவ்வொண்ணா பீப் அடிக்க சோணைக்கு முட்டி வலிக்குதாம். எல்லாத்தையும் உரிச்சுச் சுவத்துல ஒட்டிட்டேன். இப்ப உக்காந்த இடத்துலயே மொத்தக் கிட்டங்கியையும் எண்ணிரலாம்."

"அப்ப மூட்டை இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "மெஷின்ல இருக்கே அண்ணாச்சி" என்றாள் சீனியம்மா, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அடுத்த கால் மணி நேரம் நான் பேசியதை அச்சில் போட முடியாது. முடிவில், "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அத்தனை ஸ்டிக்கரும் மூட்டைல இருக்கணும்!" என்று கத்தினேன். மூட்டையில் இருக்க வேண்டும் என்றேனே தவிர, எந்த ஸ்டிக்கர் எந்த மூட்டையில் என்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தேன். எல்லா மூட்டையிலும் ஸ்டிக்கர் இருந்தது. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசர் ரகோத்தமன் காரில் வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் பை, நெற்றியில் கவலை. வாசலில் குருவையா கும்பிட்டார். "சார், உள்ள வர்ற எதுவும் ஸ்டிக்கர் இல்லாம வரக் கூடாது."

"ஓ, விசிட்டர் பாஸா? ஒட்டுங்க, ஒட்டுங்க."

சட்டைப் பையில் ஒட்டினார்கள். எடை மேடையில் ஏற்றினார்கள். "சாக்கோட எழுபத்தி நாலு கிலோ" என்று சத்தமாகச் சொன்னான் சோணைமுத்து.

"சாக்கா?"

"உங்க சட்டை பேண்ட்டுங்க சார். கழட்டினா நிகர எடை போட்டுறலாம்."

"வேண்டாம், வேண்டாம்." ஆபீசர் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "சென்னைல எங்க குடோன்லகூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது சார்" என்றார். குருவையா மெஷினில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பொருள்: ஆபீசர். அனுப்பியவர்: சென்னைக் கம்பெனி. எண்ணிக்கை: ஒன்று. பீப்.

நான் மனசுக்குள் ஆர்டரை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"மல்லி எங்க இருக்கு?" என்று கேட்டார் ஆபீசர். ஆறாவது அட்டி என்றது மெஷின். போனோம். குத்தூசியை மூட்டைக்குள் விட்டு இழுத்தார் குருவையா. துவரம்பருப்பு கொட்டியது.

ஆபீசர் பருப்பைப் பார்த்தார். குருவையா மெஷினைப் பார்த்தார்.

"மல்லிங்க சார்" என்றார் குருவையா.

"இது துவரம்பருப்பு!"

"உங்க கண்ணு அப்படிச் சொல்லும் சார். கண்ணு சொல்றது கணக்கில்ல."

சோணைமுத்து இரண்டை வாயில் போட்டு மென்றான். "பருப்பு மாதிரிதான் இருக்கு மேஸ்திரி. ஆனா மல்லிதான்."

"மல்லி வாசம் வரலையே" என்றாள் சீனியம்மா.

"மெஷினுக்கு ஏது தாயி மூக்கு? நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?"

அடுத்த அட்டியில் உளுந்து கேட்டால் வற்றல் வந்தது. வற்றல் கேட்ட இடத்தில் வந்த உளுந்தில் ஒரு வண்டும் வந்தது. ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆர்டர் கிடையாது! பழைய சரக்க உள்ள போட்டுட்டுப் புதுச நீங்க வித்துட்டிருக்கீங்க. முதல்ல வந்தது முதல்ல போகணும்யா! முன்னால வந்தது கிடக்கும்போது பின்னால வந்தது ஒண்ணுகூட வாசல் தாண்டக் கூடாது. எந்தக் காரணம் சொன்னாலும் கூடாது. இதுகூடத் தெரியாம எதுக்கு உங்களுக்கு மெஷின்?"

"நியாயம்" என்றார் குருவையா. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். புது உத்தரவு ஒன்று கிடைத்ததில் மூவருக்கும் ஒரு தெளிவு.

ஆபீசர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். சோணைமுத்து குறுக்கே நின்றான். அவன் நின்றால் காற்றுகூடச் சுற்றித்தான் போக வேண்டும்.

"வழி விடுப்பா."

"நீங்க இன்னிக்கு வந்த சரக்குங்க சார். உங்களுக்கு முன்னால அறுநூத்திப் பன்னெண்டு மூட்டை வந்து கிடக்கு. அது போகாம நீங்க போகக் கூடாது."

"யாருய்யா சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றார் குருவையா. அவர் குரலில் மரியாதை குறையவே இல்லை. "அதோட உங்களுக்கு பில்லும் வரல. யாராவது ஆர்டர் போட்டாத்தான உங்கள அனுப்ப முடியும்?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க!"

ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்வேனா? "நான் என்ன சார் செய்ய? மெஷின்ல ஏறிட்டீங்க" என்றேன்.

அவர் சென்னைக்குப் போன் போட்டார். கொள்முதல் மேனேஜர் மைதிலி மேடம் எடுத்தார். ஆபீசர் அழாத குறையாகச் சொல்லி முடித்து, போனை என்னிடம் நீட்டினார்.

"விளையாடுறீங்களா? தீபாவளிச் சரக்கு நாளைக்கு வந்து இறங்குது. குடோன் சாவி அவர் பைல இருக்கு!" என்றார் மேடம்.

சாவி என்றதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. பேரத்தில் எதிராளி எதை விட முடியாது என்று தெரிந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. "அனுப்பிடலாம் மேடம். முன்னால கிடக்கிறது போகட்டும்" என்றேன்.

"ஐம்பது மூட்டை எடுத்துக்கறேன். அவரையும் சேர்த்து அனுப்புங்க."

"வரிசை மேடம். உங்க ஆபீசர் போட்ட சட்டம்."

"முந்நூறு."

"அறுநூத்திப் பன்னெண்டு."

"எந்த மூட்டைல என்ன இருக்குன்னே உங்களுக்குத் தெரியலையாமே?"

"மொத்தமா எடுத்தா எதுல எது இருந்தா என்ன மேடம்? எல்லாம் உங்ககிட்டதான இருக்கப் போகுது? வண்டு வச்ச மூட்டைய மட்டும் தனியா புடைச்சுச் சலிச்சுத் தர்றேன். சரக்கு சுத்தம். ஸ்டிக்கர்தான் தப்பு."

அந்தப் பக்கம் பெருமூச்சு. மத்தியானம் இரண்டு லாரி வந்தது.

சீனியம்மா வண்டு மூட்டையைப் புடைத்தாள். சோணைமுத்து தூக்கினான், குருவையா பீப் அடித்தார். ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டாவது மூட்டை ஏறியது. ஆபீசர் துள்ளி எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் குருவையா. "எடை மேடை உங்களுக்கு முன்னால வந்தது."

எடை மேடை ஏறியது. காற்றாடி ஏறியது. ஆபீசர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் ஏறியது. இறக்கும்போது நான் சென்னையில் இருக்க வேண்டுமே என்று முன் லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் பின் லாரியில் வருவார் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு நல்ல தூக்கம்.

கள்ளிக்குடி தாண்டி டீ குடிக்க நிறுத்தினார்கள். இறங்கிப் பார்த்தால், பின் லாரியின் மூட்டைகள்மேல் குருவையா, சோணைமுத்து, சீனியம்மா மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் ஆளுக்கொரு ஸ்டிக்கர்.

"நீங்க எதுக்குய்யா வந்தீங்க?"

"நாங்களும் ஆபீசருக்கு முன்னால வந்தவங்கதான அண்ணாச்சி? நாங்க கிடக்கும்போது அவரை எப்படி அனுப்புறது?"

"சரி, அவர் எங்கே?"

"கிட்டங்கிலதான் இருக்காரு. பத்திரமா பூட்டிட்டு வந்தோம்."

கையில் டீ கிளாஸோடு லாரிப் பக்கம் ஓடினேன். "கடைசியா அவரையும் பீப் அடிச்சு ஏத்த வேண்டியதுதானேடா!"

"எப்படி அண்ணாச்சி?" குருவையா மடியிலிருந்து மெஷினை எடுத்துக் காட்டினார். "இதுவும் அவருக்கு முன்னால வந்ததாச்சே. திங்கக்கிழமை. அதான் முதல்ல இதை ஏத்திட்டோம்."

அந்த நேரம் பார்த்து மெஷின் தானாகக் கத்தியது. சோணைமுத்து அதை வாங்கி ஏதோ அமுக்கினான்.

"என்னடா அமுக்கின?"

"ஆபீசர் ஸ்டாக் ஒண்ணுதான் மிச்சம், அனுப்பின கம்பெனிகிட்ட இன்னும் பத்து கேக்கவான்னு கேட்டுச்சு அண்ணாச்சி. சரின்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! டீ கிளாஸைத் தரையில் அடித்தேன்.

"பத்தா? அட முட்டாப்பயலே! டஜனாக் கேட்டா விலை குறைப்பாங்களேடா!"