தாலுகா ஆபீசுக்கு ஒரு கட்டில்

மாடக்கண்ணு ஆசாரிக்கு அநியாயம் செய்தவர் தாசில்தார் வைத்திலிங்கம். வீட்டுமனைப் பட்டா கேட்டுப் போனவரிடம், "என் வீட்டுக்கு ஒரு தேக்குக் கட்டில் செய்து கொடு, பட்டா தானாக வரும்" என்றார்.

ஆசாரி கட்டிலைச் செய்து, மனு வாங்கும் நாளில் ஊர்ச்சனம் பார்க்கத் தாலுகா ஆபீசில் இறக்கினார். தலைமாட்டில், 'இந்த ஆபீசுக்கு உபயம்: மாடக்கண்ணு ஆசாரி' என்று உளியால் ஆழமாகச் செதுக்கியிருந்தார்.

"வீட்டுக்குத்தானேய்யா கேட்டேன்!" என்று தாசில்தார் பல்லைக் கடித்தார்.

"வீட்டுக்குக் கொடுத்தால் லஞ்சமாம், ஆபீசுக்கென்றால் நன்கொடையாம். ரசீது போடுங்க ஐயா."

"ஆபீசில் கட்டில் எதற்கு?"

"நாற்காலியில் தூங்கித் தூங்கி உங்களுக்குக் கழுத்து வலிக்குமே!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தாசில்தார் ரசீது எழுதிக் கொடுத்தார். மனு கொடுக்க வருகிறவர்கள் இப்போது அந்தக் கட்டிலில்தான் காத்திருக்கிறார்கள். ஆசாரியும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டா இன்னும் வரவில்லை.