பட்டினியாய் உதிரும் உண்ணி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உடனே தரமாட்டேன். முதலில் மாட்டைப் பாருங்கள்.

தங்கமுத்துப் பண்ணாடி புதிதாய் வாங்கிவந்த சீமைப் பசுவின் உடம்பெல்லாம் உண்ணி, ஆமணக்குக் கொட்டையை ஒட்டிவைத்தாற்போல. அவர் தோட்டத்தில் சாணி அள்ளும் மாராயியின் நாட்டுப் பசுவிலோ ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒரே காட்டில்தான் மேய்கின்றன.

பண்ணாடி ஊரைக் கூட்டிவிட்டார். அவர் குரலிலேயே கேளுங்கள்: "க்கும்! ஏ புள்ள, உம் மாட்டு உண்ணியெல்லாம் எம் மாட்டு மேல ஏவி உட்டியா? க்கும்! நாயம் சொல்லு. இல்லீனா உம் மாட்டை அவுத்துட்டுப் போயிருவேன்!"

மாராயி குனிந்த தலை நிமிரவில்லை. "ஏவலெல்லாம் இல்லீங்க பண்ணாடி. எம் மாடு கன்னுல இருந்து கடி வாங்குனதுங்க. கடிபட்டுக் கடிபட்டுத் தோலு பாடம் படிச்சிருச்சு. இப்ப உண்ணி வாய் வெச்சாலும் வயிறு ரொம்பாதுங்க, பட்டினியா உதுந்துரும். உங்க மாடு புதுசு. பாவம், உறிஞ்ச உறிஞ்சக் குடுக்குது."

"க்கும்! தோலு படிக்க எத்தனை நாளாகும்?"

"மாட்டுக்குச் சில மாசமுங்க. உங்ககிட்ட வேலை பாக்குற எங்களுக்குத்தான் பன்னெண்டு வருசம் ஆச்சுங்க."

ஊரே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் பண்ணாடிதான். "கெட்டிக்காரி! மாட்டை நீயே வெச்சுக்க!"

இது நான் சொன்ன சிரிப்பு இல்லை. பொறுங்கள்.

மத்தியானம், இலையில் மூன்றாம் முறையாக ரசத்துக்குக் குழி பறித்தார் பண்ணாடி. "நல்லா உண்ணுங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

பண்ணாடியின் கை பாதிவழியில் நின்றது.

"உண்ணு... உண்ணி... க்கும்! அடியே மாராயி! அப்ப நானாடி உண்ணி?"